கில்ட்டுக்கு மேல் என்ன அணிவது? பகல் திருமணம், மாலை விருந்து, வெள்ளை டை நடனம்

கிரானைட்தெரு

வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பணிபுரிகிறேன். இந்த ஆண்டு இறுதிக்குள் மூன்று நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்றுக்கும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை) அணிந்தே வர வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். முதலாவது, அலுவலக நண்பர் ஒருவரின் திருமணம்: பிற்பகல் 2 மணிக்குத் தேவாலயத்தில் சடங்கு, அதன் பின் விருந்து, இரவு கேய்லி எனப்படும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். இரண்டாவது, நவம்பர் 30 அன்று புனித ஆண்ட்ரூ நாள் விருந்து. அழைப்பிதழில் 'பிளாக் டை' (டின்னர் ஜாக்கெட்டும் கறுப்பு போ டையும் அணியும் மாலை உடை) என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, என் மனைவியின் பணியிடம் வழியாக வந்த அறக்கொடை நடன விழா. அதில் 'வெள்ளை டை அல்லது ஹைலேண்ட் மாலை உடை' என்று இருக்கிறது; அதாவது வால் கோட்டும் வெள்ளை போ டையும் கொண்ட மிக முறையான உடை, அல்லது அதற்கு ஈடான ஸ்காட்லாந்து மலைநாட்டு உடை.

வாடகைக் கடையில் விசாரித்தபோது மூன்றுக்கும் ஒரே தொகுப்பு போதும் என்றார்கள். பிரின்ஸ் சார்லி மேற்சட்டை, மேல்நோக்கி மடிந்த சிறகுக் காலர் சட்டை, சுருக்கம் வைத்துத் தைத்த பளபளப்பான டை, வெள்ளைக் காலுறை, நாடா சுற்றிக் கட்டும் கில்லி புரோக் காலணி, உரோம ஸ்போரன் (இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் பை) என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது மணமகன் உடை, விருந்தினர் உடை அல்ல" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். எது முறை, எது கடைக்காரரின் வசதி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தறியோரம்

எடின்பரோவில் கில்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கில்ட்டுக்குப் பகல், இரவு என்ற பேதம் கிடையாது. காலையில் அணிவதும் அதே 8 கெஜம் கம்பளித் துணிதான், நள்ளிரவு நடனத்தில் சுழல்வதும் அதே துணிதான். நிகழ்ச்சியின் நேரத்தையும் தரத்தையும் அறிவிப்பவை மேற்சட்டை, கழுத்தில் கட்டுவது, ஸ்போரன், காலுறை, காலணி ஆகியவையே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று அழைப்புகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பகல் நிகழ்ச்சிக்கு ட்வீட் துணியில் அல்லது கரும்சாம்பல் நிறத்தில் தைத்த ஆர்கைல் மேற்சட்டை, அதே துணியில் ஐந்து பொத்தான் வைத்த வெயிஸ்ட்கோட் (மேற்சட்டைக்குள் அணியும் கையில்லாத கோட்டு), சாதாரண நீள டை, தோல் ஸ்போரன், நிறமுள்ள கம்பளிக் காலுறை, கறுப்பு அல்லது பழுப்பு புரோக் காலணி. இதுதான் பகல் உடை. மாலை 6 மணிக்குப் பிறகு பிளாக் டை விருந்து என்றால் பிரின்ஸ் சார்லி. இடுப்பளவில் வெட்டி, பின்புறம் குட்டையான வால் வைத்து, வெள்ளிப் பொத்தான்களுடன் வருவது. அதற்குள் தாழ்வாக வெட்டிய மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட், வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. முன்புறம் பொத்தான் போட்டு மூடும்படி அது தைக்கப்படுவதே இல்லை. ஆகவே வெயிஸ்ட்கோட் இல்லாமல் அதை அணிந்தால் சட்டை பிதுங்கித் தெரியும். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

உங்கள் கடைக்காரர் சொன்ன தொகுப்பில் எனக்கு உடன்பாடில்லாதது அந்தச் சுருக்க டைதான். மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட்டின் ஆழமான திறப்பு, சட்டையின் வெள்ளை முன்புறமும் சிறிய போ டையும் தெரிவதற்காக வெட்டப்பட்டது. அங்கே அகலமான டையைத் தொங்கவிட்டால் பகல் உடையின் கழுத்தும் இரவு உடையின் உடம்பும் சேர்ந்துகொள்கின்றன. இதைச் சமாளிக்கச் சில கடைகள் பிரின்ஸ் சார்லிக்குள்ளேயே ஐந்து பொத்தான் வெயிஸ்ட்கோட்டைக் கொடுக்கின்றன. புகைப்படத்தில் குறை தெரியாது. ஆனால் உங்கள் அலுவலகப் பெரியவர் போன்றவர்களின் கண் அங்கேதான் முதலில் போகும்.

கிளைடுக்கரை

தறியோரம் எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டுப் புதிதாக அணிபவர்கள் மிரண்டுவிடக் கூடாது. கிளாஸ்கோவில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். இங்கே சனிக்கிழமை எந்தத் தேவாலய வாசலில் நின்று பார்த்தாலும், பிற்பகல் 1 மணித் திருமணத்துக்கு மணமகன், தோழர்கள், இருவரின் தந்தையர் உட்பட அனைவரும் பிரின்ஸ் சார்லியில்தான் நிற்கிறார்கள். யாரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஊரே ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கும்போது அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

தவிர, நாம் 'தொன்மையான முறை' என்று போற்றுபவை எவ்வளவு பழையவை? 1746இல் நிறைவேறிய சட்டத்தால் ஹைலேண்ட் உடை தடைசெய்யப்பட்டு, 1782இல்தான் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய கோலாகலத்தில்தான் சமவெளிப் பெருமக்களும் டார்ட்டன் என்ற வண்ணக் கட்டத் துணியை வாரி அணிந்துகொண்டார்கள். அந்த மன்னரே கில்ட்டுக்குக் கீழே தோல்நிறக் காலுறை போட்டுக்கொண்டு வந்து கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனி கொடுத்தார். பிரின்ஸ் சார்லி மேற்சட்டையோ 20ஆம் நூற்றாண்டில் பரவியது. 1745இல் கலகம் செய்த இளவரசர் சார்லஸுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. இவ்வளவு புதிய வழக்கத்தை வைத்துக்கொண்டு இன்னொரு புதிய வழக்கத்தை அடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வடமலை

கிளைடுக்கரை அவர்களே, வரலாறு சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. டின்னர் ஜாக்கெட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்ததுதான். அதற்காகக் காலை 11 மணிக்கு யாரும் அதை அணிந்து போவதில்லை. ஒரு முறை எவ்வளவு பழையது என்பது வேறு கேள்வி, அது இன்று என்ன பொருள் தருகிறது என்பது வேறு கேள்வி. பிரின்ஸ் சார்லி என்பது டின்னர் ஜாக்கெட்டின் கில்ட் வடிவம். லவுஞ்ச் சூட் என்ற வழக்கமான கோட்டு சூட் அணிந்த நூறு பேர் நடுவே பிற்பகல் 2 மணிக்கு ஒரு விருந்தினர் மட்டும் அதில் வந்தால், மணமகனைவிட ஒரு படி மேலே உடுத்தியவராக ஆகிவிடுகிறார். மணமகனும் தோழர்களும் அதை அணிவது அவர்கள் உரிமை; அது அவர்களுடைய நாள். கேள்வி கேட்டவர் விருந்தினர்.

நான் இன்வர்னஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே கிராமத் திருமணங்களில் வயதானவர்கள் ட்வீட் மேற்சட்டை, பச்சை அல்லது பழுப்புக் காலுறை, தேய்ந்த தோல் ஸ்போரன் என்று வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே நன்றாக உடுத்தியவர்கள் அவர்கள்தான். சொந்தக் கில்ட்டைப் பலமுறை அணிந்து பழகியவரின் கொசுவம் நடக்கும்போது வீசும் விதமே வேறு.

கிரானைட்தெரு

இரண்டு பக்கமும் புரிகிறது. அப்படியானால் பிற்பகல் 2 மணிக்குத் தேவாலயத்திலும் இரவு 10 மணிக்குக் கேய்லியிலும் பொருந்தக்கூடிய ஒரே மேற்சட்டை இல்லையா? இரண்டு முறை வாடகை கொடுக்க மனம் வரவில்லை.

தறியோரம்

இருக்கிறது. பாரத்தியா என்ற நெருக்கமான நெசவுத் துணியில் தைத்த கறுப்பு ஆர்கைல். வெள்ளிப் பொத்தான் வைத்தது. பகலில் அதை வெயிஸ்ட்கோட்டுடனும் நீள டையுடனும் அணியலாம். மாலையில் டையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு போ டை கட்டி, தோல் ஸ்போரனுக்குப் பதிலாக உரோம ஸ்போரனை மாட்டிக்கொண்டால் புனித ஆண்ட்ரூ விருந்துக்கும் அதுவே போதும். அந்த விருந்தில் பெரும்பாலோர் பிரின்ஸ் சார்லியில் இருப்பார்கள். நீங்கள் ஒரு நூல் அடக்கமாகத் தெரிவீர்கள், அவ்வளவுதான். கில்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டிய மேற்சட்டையும் இதுதான் என்பது என் கருத்து. எங்களிடம் வருபவர்கள் பலர் முதலில் பிரின்ஸ் சார்லி வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை அணிந்து, பிறகு பகல் நிகழ்ச்சிக்கு என்று இன்னொன்று வாங்குகிறார்கள்.

மூன்றாவது அழைப்புதான் சிக்கல். 'வெள்ளை டை' என்ற இடத்தில் இலக்கணப்படி பிரின்ஸ் சார்லி போதாது. வால் கோட்டுக்கு ஈடாக அங்கே நிற்பது டப்லெட் என்ற, உடம்போடு ஒட்டித் தைத்த மேற்சட்டை. அதில் வகைகள் உண்டு. ஷெரிஃப்மியூர் என்பது நின்ற காலருடன் முன்புறம் திறந்து, உள்ளே வெயிஸ்ட்கோட்டுடன் வருவது. மான்ட்ரோஸ் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்துக் கழுத்துவரை மூடுவது; அதற்கு வெயிஸ்ட்கோட் இல்லை, இடுப்பில் அகலமான தோல் வாரும் வெள்ளி வில்லையும் வரும். கென்மோர் ஏறக்குறைய அதே அமைப்பில் ஒற்றை வரிசையில் பொத்தான் வைத்தது. இவை மூன்றுக்கும் கழுத்தில் டை கிடையாது. ஜாபோ எனப்படும் லேஸ் அடுக்கைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலும் லேஸ் வைப்பார்கள். ரெகுலேஷன் டப்லெட்டுக்கு மட்டும் லேபல் (மார்பின் இருபுறமும் மடிந்து விழும் காலர்) உண்டு; அதனால் அதனுடன் போ டை கட்டுவார்கள். வாடகைக் கடைகளில் இவை அரிதாகவே கிடைக்கும். கிடைத்தால் பெரும்பாலும் வெல்வெட்டில் தைத்த மான்ட்ரோஸாக இருக்கும்.

கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். பிரின்ஸ் சார்லியை வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டையுடன் அணிவதைப் பல விழாக்கள் ஏற்கின்றன. ஆனால் விழாக் குழுவிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. லண்டனில் நடக்கும் ராயல் கலிடோனியன் பால், 1788இல் தொடங்கிய இன்வர்னஸின் நார்தர்ன் மீட்டிங் போன்ற பழைய விழாக்களுக்கு வருபவர்களில் கணிசமானோர் தாத்தாவின் டப்லெட்டில் வருகிறவர்கள். உங்கள் அறக்கொடை விழா அந்த அளவுக்குக் கறாராக இருக்காது என்றே நினைக்கிறேன்.

குழலோன்

வெள்ளைக் காலுறை பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் ஒரு பைப் பேண்டில், அதாவது பேக்பைப் இசைக்குழுவில், வாசிக்கிறேன். அந்தக் காலுறையைப் பரப்பிய பழியில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி வாங்க வேண்டும், எந்த டார்ட்டனுக்கும் பொருந்த வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்றால் வெள்ளைதான். வாடகைக் கடைக்கும் அதே கணக்குதான். ஆனால் மாலை உடைக்குப் பழைய முறை கட்டம் போட்ட டைஸ்டு காலுறை அல்லது கில்ட்டின் டார்ட்டனிலேயே அமைந்த காலுறை. அவை கைவேலை, விலை அதிகம். இடைப்பட்ட வழி, டார்ட்டனில் உள்ள ஓர் அடர்நிறத்தை எடுத்து அதே நிறத்தில் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள்வது. கரும்பச்சை, கருநீலம், அடர்சிவப்பு எல்லாம் கறுப்பு மேற்சட்டைக்கு அழகாக நிற்கும். தந்த நிறம்கூடப் பரவாயில்லை. பளீரென்ற வெள்ளை மட்டும் பார்ப்பவர் கண்ணைக் கணுக்காலுக்கு இழுத்துவிடுகிறது.

காலுறையின் மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். அதைத் தாங்கும் வாரில் தொங்கும் ஃபிளாஷ் துணி, காலின் வெளிப்பக்கம் நோக்கி மடிப்புக்குக் கீழே சிறிதளவு தெரிந்தால் போதும். கொடி போல் பறக்க வேண்டியதில்லை. கில்லி புரோக் நாடாவைச் சிலர் கெண்டைக்கால் வரை ஏற்றிச் சுற்றுகிறார்கள். முறுக்கிவிட்டுக் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு சுற்று, முன்பக்கமோ பக்கவாட்டிலோ முடிச்சு, அத்துடன் நிறுத்துங்கள். வெள்ளை டை நிகழ்ச்சிக்கு வெள்ளிக் கொக்கி வைத்த காலணி இன்னும் பொருத்தம்.

கிளைடுக்கரை

வெள்ளைக் காலுறையைப் பொறுத்தவரை நான் சரணடைகிறேன். என்னிடமும் இருப்பது கரும்பச்சைதான்.

கிரானைட்தெரு

மேலும் இரண்டு ஐயங்கள். எனக்கு எந்த ஸ்காட்லாந்துக் குலத்துடனும் உறவில்லை. ஏதாவது ஒரு குலத்தின் டார்ட்டனை அணிந்தால் மரியாதைக் குறைவாகுமா? காலுறையில் செருகும் அந்தச் சிறு கத்தியை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறதா? நடன விழா லண்டனில் நடக்கிறது. விமானத்தில் போவதாகத் திட்டம்.

வடமலை

டார்ட்டன் பற்றி: இன்னார்தான் இன்ன டார்ட்டனை அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு வடிவமைப்புகளைப் பதிவு செய்கிறதே தவிர, அணிபவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. நாகரிகம் கருதி எல்லோரும் ஒதுங்கி நிற்கும் ஒன்று மட்டும் உண்டு. 1853இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்த பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கும் அரசரின் பைப்பருக்கும் உரியது.

குலத் தொடர்பு இல்லாதவர்களுக்கென்றே பொதுவானவை இருக்கின்றன: பிளாக் வாட்ச், கலிடோனியா, ஹன்டிங் ஸ்டூவர்ட். இடத்துக்குரிய டார்ட்டன்களும் உண்டு. நீங்கள் வாழ்வது அபர்டீன். அபர்டீன் மாவட்ட டார்ட்டன் மிகப் பழையது, சிவப்பு மிகுந்தது, மாலை வெளிச்சத்தில் கம்பீரமாக இருக்கும். அதை அணிந்து வந்தவரிடம் "உங்கள் குலம் எது?" என்று யாராவது கேட்டால், "நான் வாழும் ஊர்" என்று பதில் சொல்லிவிடலாம். மணமகன் குடும்பமே தங்கள் குல டார்ட்டனை அணியச் சொல்லி அழைத்தால் தயங்காமல் அணியுங்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. நாமாகத் தேர்ந்தெடுத்து மணமகனின் டார்ட்டனிலேயே போய் நிற்பதுதான் அசட்டுத்தனம்.

சட்டப்பிரிவு

கத்தி விஷயம். ஸ்கியன் டூ எனப்படும் அந்தச் சிறு கத்தியை வலக்கைக்காரர்கள் வலக்காலுறையிலும் இடக்கைக்காரர்கள் இடக்காலுறையிலும், கைப்பிடியின் மேற்பகுதி மட்டும் தெரியுமாறு செருகுவார்கள். பொது இடத்தில் கூரான கருவி வைத்திருப்பது குற்றம் என்ற விதிக்குத் தேசிய உடையின் பகுதி என்ற காரணம் எதிர்வாதமாக ஏற்கப்பட்டிருக்கிறது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, ஸ்காட்லாந்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. ஆனால் அது எதிர்வாதம்தான், உரிமம் அல்ல; காரணத்தை நிறுவ வேண்டியவர் நீங்கள். முழு ஹைலேண்ட் உடையில் காலுறைக்குள் இருக்கும் கத்திக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். மறுநாள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கோட்டுப் பையில் அதை வைத்திருந்தால் பொருந்தாது.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது; சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். விழா மண்டபம் தனியே தடை விதித்திருக்கலாம் என்பதால் கேட்டுவிடுவதும் நல்லது. வாடகைத் தொகுப்பில் வருவது பெரும்பாலும் கைப்பிடி மட்டும் உள்ள பிளாஸ்டிக் போலிதான். அது எந்தச் சோதனையிலும் தொல்லை தராது, பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. இங்கிருந்து அமெரிக்காவில் ஒரு திருமணத்துக்குப் போகிறவர்கள் சீல் தோல் ஸ்போரனைக் கொண்டுபோகாதீர்கள். 1972ஆம் ஆண்டுக் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதை உள்ளே விட மாட்டார்கள். முயல் அல்லது பசு உரோமத்தில் ஒன்று வைத்துக்கொள்வதே உசிதம்.

மருதாணி

இவ்வளவு நேரமும் ஆண்கள் பேச்சாகவே போகிறது. கிரானைட்தெருவின் மனைவி அந்த நடன விழாவுக்கு என்ன உடுத்துவார் என்று ஒருவரும் கேட்கவில்லையே! வெள்ளை டை என்றால் பெண்களுக்குத் தரையைத் தொடும் நீள உடை. பட்டுச்சேலை அந்த நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றும். என் அனுபவத்தில் அந்த மண்டபங்களில் அதற்கு மிகுந்த வரவேற்பு உண்டு.

ஆனால் டார்ட்டன் சாஷ் (தோளில் குத்தி அணியும் நீளத் துணி) அணியச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெண்கள் அதை அணியும் முறைகளுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. குலத்தைச் சேர்ந்த பெண்கள் வலத்தோளில் ஊசி குத்தி மார்புக்குக் குறுக்கே இறக்குவார்கள். குலத்தலைவரின் மனைவியும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுக் கர்னலின் மனைவியும் இடத்தோளில் அணிவார்கள். வேறு குலத்தில் மணம் முடித்தும் பிறந்த குலத்தின் டார்ட்டனை அணிய விரும்புகிறவர்கள் நீளமான துணியை வலத்தோளில் குத்தி, இடப்பக்க இடுப்பில் பெரிய முடிச்சாகக் கட்டுவார்கள். நடனமாடுபவர்கள் முன்பக்கம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னிடுப்பில் பொருத்தி, வலத்தோளில் குத்தி, நுனிகளைப் பின்னால் தொங்கவிடுவார்கள்.

சேலையின் முந்தானை நமக்கு இடத்தோளில். அதன் மேல் வலத்தோளிலிருந்து சாஷ் குறுக்கே வந்தால் இரண்டும் நெஞ்சில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கும்; இடத்தோளில் முந்தானையோடு சேர்த்துக் குத்தினால் குலத்தலைவரின் மனைவி ஆகிவிடுவோம். ஆகவே குலத் தொடர்பு இல்லாதவர்கள் சேலையுடன் சாஷ் அணியாமல் இருப்பதே நல்லது. கணவரின் டார்ட்டனில் உள்ள ஒரு நிறத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டால் போதும். ரீல் நடனம் ஆட வேண்டுமென்றால் முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்தி, சேலையைக் கணுக்கால் தெரியும் அளவுக்குத் தூக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 'ஸ்ட்ரிப் தி வில்லோ' ஆட்டத்தில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் நம்மைப் பிடித்துச் சுழற்றுவார்கள். அவிழ்ந்த முந்தானைக்கு அங்கே இரக்கம் கிடையாது.

புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கில்ட்டுக்குப் பதிலாகப் பட்டு வேட்டியில் போகலாமா?

வடமலை

அழைப்பிதழில் 'தேசிய உடை' என்று குறிப்பிட்டிருந்தால் தாராளமாகப் போகலாம். குறிப்பிடாவிட்டால் கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் வேட்டிக்கு மேல் பிரின்ஸ் சார்லி, ஸ்போரன் என்று கலக்காதீர்கள். உடுத்தினால் நம் உடை முழுவதுமாக நம் உடையாக இருக்கட்டும். கில்ட் அணியக் கூச்சப்படுகிறவர்களுக்கு ட்ரூஸ் என்ற டார்ட்டன் கால்சட்டை இருக்கிறது. பக்கவாட்டுத் தையல் இல்லாமல் கட்டம் தொடர்ந்து வரும்படி தைத்தது. மாலையில் பிரின்ஸ் சார்லியுடன் அதை அணிவது முழுக்க முறையானதே.

தறியோரம்

உடையின் பெயர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உடம்பில் அது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் பாதி மரியாதை. அளவு எடுக்கும்போது உங்கள் கால்சட்டை அளவைச் சொல்லாதீர்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டுவது. கால்சட்டையைப் போல இடுப்பெலும்பில் தொங்குவதல்ல. கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் மேற்பகுதிக்கும் நடுவுக்கும் இடையில் நிற்க வேண்டும். மண்டியிட்டு நிமிர்ந்து நின்றால் விளிம்பு தரையைத் தொடாமல் ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். வாடகைக் கில்ட்டுகள் பெரும்பாலும் நீளமாகவே அமைந்து முழங்காலை மூடிவிடுகின்றன. கடையிலேயே மண்டியிட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். நல்ல கில்ட்டின் கீழ் விளிம்பில் மடித்துத் தைத்த தையல் இருக்காது, துணியின் கரையே விளிம்பாக இருக்கும். ஆகவே பிறகு நீளம் குறைக்க முடியாது.

தட்டையான முன்பகுதி முன்னாலும் கொசுவம் பின்னாலும் வரும். குஞ்சமாகப் பிரித்துவிட்ட ஓரம் வலப்பக்கம் இருக்கும். கில்ட் ஊசியை அந்த வலக் கீழ் மூலையில் மேல் துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுபட்டுக் கிழியும். வாரக் கடைசி முடிந்து எங்கள் பட்டறைக்குத் திங்கட்கிழமை வரும் பழுதுகளில் இதுவே முதலிடம். ஸ்போரன் வெயிஸ்ட்கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே தொங்கட்டும். ஆடும்போது அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடலாம். வெயிஸ்ட்கோட் அணிந்தால் இடுப்பு வார் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் மேடு தெரியும். தொப்பியை உள்ளே நுழைந்ததும் கழற்றிவிடுங்கள். அதில் அழகுக்கென்று கழுகு இறகு செருகாதீர்கள்: மூன்று இறகு குலத்தலைவருக்கு, இரண்டு கிளைத் தலைவருக்கு, ஒன்று தமக்கென மரபுச் சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) பெற்றவருக்கு.

உட்காரும்போது ஒரு கையால் பின்கொசுவத்தைத் தடவி விரித்துக்கொண்டே அமருங்கள். முழங்கால்களைச் சேர்த்து வைத்து, ஸ்போரனை நடுவில் விழ விட்டால் எந்தக் கவலையும் இல்லை.

கிளைடுக்கரை

அந்தக் கவலை என்று தொடங்கிவிட்டதால், எல்லோரும் மனத்தில் வைத்திருந்து கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளாடை அணியுங்கள். வாடகை உடை உங்களுக்கு முன்னும் பின்னும் பலர் அணிவது. கேய்லியில் சுழலும்போது கொசுவம் உயரும். மணமகளின் பாட்டி முன்வரிசையில் அமர்ந்திருப்பார். ஹைலேண்ட் நடனப் போட்டிகளிலேயே அது கட்டாயம். யாராவது வேடிக்கையாகக் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். பதில் சொல்லாமல் இருப்பதே அங்கே மரபு.

மேற்சட்டை விஷயத்தில் ஒரு சமாதானம். திருமணக் கேய்லியில் முதல் நடனம் முடிந்ததும் மணமகன் மேற்சட்டையைக் கழற்றினால் நீங்களும் கழற்றலாம். வெயிஸ்ட்கோட் மட்டும் கடைசிவரை உடம்பில் இருக்கட்டும். வெள்ளை டை நடனத்தில் எவ்வளவு வியர்த்தாலும் மேற்சட்டை உடம்பிலேயே இருக்க வேண்டும். கைக்குட்டை இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். ஸ்போரனில் இடம் இருக்கும்.

கிரானைட்தெரு

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்தது இது. திருமணத்துக்கும் புனித ஆண்ட்ரூ விருந்துக்கும் கறுப்பு ஆர்கைலையே வாடகைக்கு எடுக்கிறேன். டார்ட்டன் அபர்டீன், காலுறை அடர்பச்சை. முதல் நிகழ்ச்சிக்குத் தோல் ஸ்போரனும் நீள டையும், இரண்டாவதற்கு உரோம ஸ்போரனும் போ டையும். நடன விழாக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன்: பிரின்ஸ் சார்லியை வெள்ளை போ டையுடன் ஏற்பதாகவும், ஸ்கியன் டூவை மண்டபத்துக்குள் அனுமதிப்பதில்லை என்றும் பதில் வந்தது. மனைவி சேலைதான், சாஷ் இல்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. போ டை நாமே கட்டுவதா, கொக்கி போட்டு மாட்டுவதா?

வடமலை

நீங்களே கட்டுங்கள். சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

தறியோரம்

அபர்டீன் டார்ட்டனை எல்லா வாடகைக் கடைகளும் வைத்திருப்பதில்லை, இப்போதே சொல்லி வையுங்கள். 13 அல்லது 16 அவுன்ஸ் துணியாகக் கேளுங்கள். மெல்லிய 10 அவுன்ஸ் துணி கொசுவம் நிற்காமல் கசங்கும், வடகடல் காற்றில் தேவாலய வாசலில் நின்று படம் எடுப்பதற்கும் அது ஆகாது.